ஒரே நாளில் ஊர் சுற்ற வேண்டாம்

பள்ளி விடுமுறை வந்தால் கலும்பாங் பக்கத்துக் குடும்பங்கள் விடியலிலேயே தஞ்சோங் மாலிமில் கோலாலம்பூருக்குக் கொமுட்டர் ரயில் ஏறிவிடும். பத்துமலை, இரட்டைக் கோபுரம், மிருகக்காட்சிசாலை என எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டம். பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். பத்துமலையின் 272 படிகளைப் பாதி ஏறியதும் சின்னது இடுப்பில் ஏறிக்கொள்ளும், பெரியது குரங்கைப் பார்த்து அலறும். அடுத்து, காசு கட்டி, கோபுரத்தின் 41, 42ஆம் மாடிப் பாலத்துக்கு. பிள்ளை நிற்கும் உயரத்துக்கு அங்கே வானந்தான் தெரியும்.

அதே கோபுரத்தின் காலடியில் இருக்கிறது கேஎல்சிசி பூங்கா. பிரேசில் கலைஞர் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ் வடிவமைத்தது. குழந்தைகள் இறங்கி ஆட முழங்கால் ஆழத் தண்ணீர், ஏறிச் சறுக்க விளையாட்டுத் திடல், எல்லாம் இலவசம். மாற்றுச் சட்டையும் துண்டும் எடுத்துப் போனால் போதும். என்னைக் கேட்டால், நாலு வயசுப் பிள்ளைக்கு அன்றைய கோலாலம்பூர் அவ்வளவுதான். பத்துமலைக்கு இன்னொரு விடுமுறையில் போய்க்கொள்ளலாம். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடத்தான் அவசரம் என்றால் அதைப் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள்.