உற்சவரை உற்றுப் பார்ப்பவர் யார்?

சிலைத் திருட்டை வைத்துத் துப்பறியும் நாவல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் அத்தியாயத்தை நள்ளிரவில் தொடங்குகிறார்கள். அமாவாசை இருட்டு, பூட்டை அறுக்கும் ரம்பம், குரைத்து அடங்கும் நாய், சாக்கு மூட்டையோடு கிளம்பும் வேன். விறுவிறுப்பான த்ரில்லருக்கு இது போதும். ஆனால் நம் எழுத்தாளர்கள் பலர் இப்போது முயன்று பார்க்கும் ‘கோஸி மிஸ்டரி’க்கு இது ஒத்துவராது. சின்ன ஊர், ஒருவரையொருவர் நன்கறிந்த பத்துப் பன்னிரண்டு பேர், காக்கிச் சட்டை போடாத ஒரு துப்பறிபவர், ரத்தம் தெறிக்காத பக்கங்கள்: இதுதான் அந்த வகை. திருட்டு நடப்பதை வாசகர் முதல் பக்கத்திலேயே பார்த்துவிட்டால் அப்புறம் ஊரோடு சேர்ந்து யோசிக்க அவருக்கு என்ன மிச்சம்? சிலை போன இரவைவிட, போனது தெரியவந்த நாள்தான் இந்த வகை நாவலுக்கு உயிர் என்பது என் கட்சி.

நடந்த வழக்குகளே இதற்குச் சாட்சி. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951-இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர், கோயிலில் சேர்க்கப்பட்டு, சில ஆண்டுகளில் பழுது பார்க்க வெளியே அனுப்பப்பட்டார். திரும்பி வந்தது புதிதாக வார்த்த நகல். கோயிலில் அதற்கே பூசை நடந்தது. அசல் பம்பாய்க்குப் போய், அங்கிருந்து நியூயார்க் போய், 1973-இல் கலிபோர்னியாவின் நார்டன் சைமன் அறக்கட்டளைக்கு விலைபோனது. கோயிலில் இருப்பது அசல் அல்ல என்று 1965-இல் அச்சில் சொன்னவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். வழக்கு வந்து, 1976-இல் சமரசமாகி, பத்தாண்டு அமெரிக்காவிலேயே காட்சிக்கு இருந்துவிட்டுத்தான் அந்த நடராஜர் நாடு திரும்பினார். இத்தனை பெரிய கதையில் ஒரு பூட்டுகூட உடைபடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் பூசை நின்று பூட்டிக்கிடந்த கோயிலிலிருந்து 2006-இல் சிலைகள் போயின. ஊருக்கு அது தெரியவந்தது 2008-இல். அதே ஆண்டில் அங்கிருந்த நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. 1911-இல் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா காணாமல் போனபோதும், படம் எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்று காவலர்கள் ஒரு நாளுக்கு மேல் சும்மா இருந்தார்கள். அங்கே ஒரு நாள். இங்கே ஆண்டுக்கணக்கு. இந்த இடைவெளிக்குள்தான் நம் நாவல் இருக்கிறது.

ஏன் தெரிவதில்லை என்பதை எழுதுகிறவர் சரியாக அறிந்திருக்க வேண்டும். உற்சவர் வீதிக்கு வரும்போது பட்டும் மாலையும் நகையும் போக நம் கண்ணுக்குக் கிடைப்பது முகம் மட்டும். முழு மேனியையும் பார்க்கிறவர் அபிஷேகம் செய்யும் குருக்கள். எடையை அறிந்தவர்கள் தோள் கொடுத்துத் தூக்குகிறவர்கள். மார்பின் அகலம் மாலை கட்டுகிறவரின் கைக்குத் தெரியும். பல தலைமுறை அபிஷேகத்தில் மூக்கும் கண்ணும் மழுங்கிப்போன பழைய திருமேனிக்கும், உளியின் கூர்மை ஆறாத புதுத் திருமேனிக்கும் உள்ள வேறுபாட்டை விரல் கண்டுபிடித்துவிடும். போதாததற்கு, நம் செப்புத் திருமேனிகள் மெழுகில் உருச்செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்க்கப்படுபவை. கருவை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே அச்சு அசலாக இன்னொன்று என்பது கிடையாது. நகல் செய்பவர் மெழுகில் மறுபடி கைப்பட உருவாக்கியாக வேண்டும். திருவாசியின் சுடர்களில் ஒன்று சாய்ந்திருக்கும், முயலகனின் விரல் சற்று நீண்டிருக்கும். பழைய புகைப்படம் ஒன்று கையில் இருந்தால் போதும், துப்பறிபவருக்கு லென்ஸ்கூட வேண்டாம்.

நமக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான். தேவனின் துப்பறியும் சாம்புவே ஒரு வங்கி குமாஸ்தா. அந்த மரபு நம் வீட்டுச் சொத்து. அதில் இன்னொரு ஆளைச் சேர்க்கச் சொல்கிறேன்: ஓய்வுபெற்ற தமிழாசிரியை. காரணம், களவுபோன கலைப்பொருளின் கதை பாதி தூரம் காகிதத்தில்தான் ஓடுகிறது.

1970-இல் யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்தது. 1972-இல் நம் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் பொய்யாகத் தயாரிக்கும் உரிமை வரலாறுகள், பொருள் அதற்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகவே சாதிக்கும். ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கும் அப்படியொரு காகிதம் தயாராக இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-களில் எடுத்த படம் அதே சிலையைக் கோயிலிலேயே காட்டியபோது அந்தக் காகிதம் செத்தது.

இனி உங்கள் நாவலுக்கு வாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் 1965-இல் இந்தச் சிலையை விற்றதாக ஒரு கையெழுத்து ரசீது. தாள் பழசு, மை மங்கல், கீழே ரெவின்யூ ஸ்டாம்பு. எல்லாரும் நம்புகிறார்கள். ஆசிரியை அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வாசிக்கிறார். ‘சிலை’, ‘விலை’, ‘பிள்ளை’ என்று வருகிற இடமெல்லாம் நாம் இன்று எழுதுவதுபோலவே எழுதியிருக்கிறது. லை, ளை, னை, ணை எழுத்துகளுக்கு அந்தக் காலத்தில் தும்பிக்கைபோல் மேலே சுழித்த கொம்பு இருந்தது. தமிழக அரசு இந்த எழுத்துகளைச் சீர்திருத்தியது 1978-இல். அப்படியானால் 1965-இல் இப்படி எழுதிய கை யாருடையது? உடனே குற்றவாளியைப் பிடித்துவிடாதீர்கள். பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’வில் இந்த எழுத்துகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பெரியவர் சுயமரியாதை இயக்கத்துக்காரர் என்றால் ரசீது உண்மையாகவே இருக்கலாம். ஆசிரியை அவருடைய பழைய கடிதங்களைத் தேடி வீடுவீடாகப் போகட்டும். அந்தத் தேடலில் ஊர் முழுவதும் வாசகருக்கு அறிமுகமாகிவிடும். இன்னொரு தாளில் 1968 தேதியோடு அலுவலக முகப்பில் ஆங்கிலத்தில் ‘கவர்ன்மென்ட் ஆஃப் தமிழ்நாடு’ என்று இருக்கட்டும். மாநிலப் பெயர் மாறியது 1969 ஜனவரி 14-இல். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். இவையெல்லாம் இந்த மண்ணில் மட்டுமே விளையும் தடயங்கள். லண்டன் நாவலாசிரியர் யாருக்கும் இவை வாய்க்காது.

சிலவற்றை விட்டுவிடலாம். கலசத்தில் இரிடியம் இருந்தது, ஐம்பொன்னில் கிலோ கணக்கில் தங்கம் இருந்தது என்று எழுதுவது வேண்டாம். சோழர் செப்புத் திருமேனியில் மிகப் பெரும்பங்கு செம்புதான். விலை அதன் காலத்துக்கும் கலைக்கும். திருடனின் கண் தெய்வக் குற்றத்தால் குருடாகும் முடிவும் வேண்டாம். அது துப்பறிபவரின் வேலையைப் பறித்துவிடுகிறது. கதாநாயகன் வெறும் கையால் சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதாக எழுதுகிறவர்கள் ஒரு முறை சீர்பாதம் தாங்குகிறவர்களோடு நான்கு வீதியும் நடந்து பார்க்கட்டும்.

முடிவைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. குலைந்த ஒழுங்கு திரும்புவது கோஸியின் உடன்படிக்கை. நம் சிலைக்கதைகளில் அது மேளதாளத்தோடு ஊர் திரும்பும் உற்சவராகவே இருக்கிறது. நிஜத்தில் நடப்பது வேறு. பத்தூர் நடராஜருக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, பாழடைந்த பத்தூர்க் கோயிலின் சிவலிங்கமே உரிமை கோரும் தரப்பாக நின்றது. மண்ணையும் கரையான் தடத்தையும் வைத்து நிபுணர்கள் வாதாடினார்கள். கோயில் தரப்பு 1988-இல் வென்று, 1991-இல் மேல்முறையீட்டிலும் வென்றது. அவ்வளவுக்குப் பிறகும் நடராஜர் போய்ச் சேர்ந்தது திருவாரூர் திருமேனிகள் பாதுகாப்பு மையத்துக்கு. காவல் இல்லாத சிறு கோயில்களின் நூற்றுக்கணக்கான உற்சவர்கள் அங்கே இரும்புக் கதவுக்குப் பின்னால் வரிசையாக இருக்கிறார்கள். திருவிழாவுக்கு ஊருக்கு எடுத்துப்போக மனு, போலீஸ் பாதுகாப்பு, திரும்ப ஒப்படைக்கும் பட்டியல் என்று ஆயிரம் நடைமுறை. மீட்ட சிலை வழக்குச் சொத்தாகவும் இருந்தால் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும்.

இதை எழுதினால் கதையின் இதம் கெட்டுவிடும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திருடனைக் கண்டுபிடித்த ஆசிரியையும் குருக்களும் மாலை கட்டுபவரும் அடுத்து அந்த மனுவை எழுத உட்காரும் அத்தியாயத்தைவிட இதமானது எது? இரவுக் காவலுக்கு யார், எண்ணெய்க்கு யார், பூட்டியிருந்த கோயிலைத் தினமும் யார் திறப்பது என்று ஊர் கூடிப் பேசட்டும். அடுத்த இதழைச் சிலைக்கதைகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். நாற்பது பக்கத்துக்குள் அனுப்புங்கள். பாதுகாப்பு மையத்தின் வாசல்வரை வந்து நிற்கும் கதைகளை நான் முதலில் எடுத்துப் படிப்பேன்.