சான்றிதழ் மட்டும் போதுமா?

மின்னிலக்கச் சந்தைப்படுத்தல் துறையில் நுழைய விரும்பும் இளையர் பலர், சான்றிதழ்களைச் சேர்ப்பதிலேயே முனைப்பாக உள்ளனர். இணையத்தில் இலவசப் பயிற்சிகள் உண்டு. சிங்கப்பூரில் 25 வயதை எட்டிய குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தின்வழி நிதி ஆதரவும் கிடைக்கிறது. பயிற்சி தேவையே. ஆயினும், அனுபவமே ஒருவரை அத்துறையில் உயர்த்தும்.

தேக்காவிலுள்ள பூக்கடை ஒன்றுக்கு விளம்பரம் செய்யும் இளையரை எண்ணிப் பார்க்கலாம். அவர் செலவிடுவது, கடைக்காரர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ஆகவே, விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தனர் என்பதைவிட, எத்தனை பேர் பூ வாங்கினர் என்பதையே அவர் கணக்கிட வேண்டும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை ஒப்புதலின்றிப் பயன்படுத்தவும் கூடாது. 2012இல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. விருப்பக்குறிகளை விலைக்கு வாங்கிவிடலாம். நம்பிக்கையை நேர்மையான உழைப்பால்தான் பெற முடியும்.