வாட்ச்சுக்குத் தொட்டில் கட்டும் வியாபாரம்

படிப்பு முடிந்து வேலைக்குப் போகிற பையன் முதல் சம்பளத்தில் ஆசை ஆசையாக ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்குகிறான். பாட்டரி வேண்டாம், சாவி கொடுக்க வேண்டாம், கையில் கட்டியிருந்தாலே ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழற்றி மேஜையில் வைக்கிறான். திங்கட்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தால் முள் நிற்கிறது. பதறிப்போய் இணையத்தில் தேடினால் விளம்பரம் வந்து விழுகிறது: வாட்ச் நின்றால் எண்ணெய் உறைந்துவிடும், இயந்திரம் கெட்டுவிடும், ஒரு வைண்டர் வாங்குங்கள்!

வைண்டர் என்பது வேறொன்றுமில்லை. வாட்ச்சை மாட்டி வைத்தால் ஒரு சின்ன மோட்டார் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும் பெட்டி. வாட்ச்சுக்குத் தொட்டில். சில சமயம் தொட்டிலின் விலை குழந்தையின் விலையைத் தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

நல்ல வைண்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அது உண்மையிலேயே தேவையா?

ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்குள் ரோட்டர் என்று ஒரு அரைவட்டத் தகடு இருக்கிறது. கை அசையும்போது அதுவும் சுழன்று மெயின் ஸ்ப்ரிங்கை முறுக்கும். கைக்கடிகாரத்தில் தானே சாவி ஏறும் ஏற்பாட்டுக்கு ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் 1924-இல் சுவிஸ் காப்புரிமை பெற்றார். முழு வட்டமும் சுழலும் ரோட்டரை ரோலக்ஸ் 1931-இல் கொண்டுவந்தது. இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டது மனிதன் கையே சாவி கொடுக்கட்டும் என்பதற்காக. அந்தக் கைக்குப் பதிலாக இன்னொரு மோட்டார், அதற்கு ஒரு அடாப்டர், அதற்கு ஒரு பிளக் பாயிண்ட். என்ன கொடுமை இது!

நின்றால் கெட்டுவிடும் என்பது முதல் பொய். வாட்ச் கடை ஷோகேஸைப் பார்த்தாலே போதும். மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும் வாட்ச்சைத்தான் கடைக்காரர் எடுத்து, நாலு திருகு திருகி, புதுசு என்று விற்கிறார். அப்போது கெடாதது வீட்டு மேஜையில் இரண்டு நாள் இருந்தால் கெட்டுவிடுமா? விலங்குக் கொழுப்பில் எடுத்த எண்ணெயைப் போட்ட காலத்தில் அது கெட்டியாகிவிடும் என்ற பயத்துக்கு அர்த்தம் இருந்தது. இப்போது போடுவது செயற்கை எண்ணெய். அதுவும் வருஷங்கள் போனால் தீரும், ஆனால் வாட்ச் நின்றதால் அல்ல, வயசானதால். ஓடினாலும் தீரும். சொல்லப்போனால் ஓடும்போதுதான் பற்சக்கரம் தேயும். ராத்திரி முழுக்க பைக்கை சென்டர் ஸ்டாண்டில் போட்டு இன்ஜினை ஓடவிட்டு, வண்டியைப் பாதுகாக்கிறேன் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான் இதுவும்.

எவ்வளவு சுற்றினாலும் நல்லது என்பது இரண்டாவது பொய். முழுக்க முறுக்கேறிய பிறகும் ரோட்டர் சுற்றினால் ஸ்ப்ரிங் அறுந்துவிடாது. அதன் வெளிமுனை டப்பாச் சுவரில் வழுக்கிக் கொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் நாள் முழுக்க வழுக்கவிட்டால் அந்த இடத்து கிரீஸ் வீணாகும், தேய்மானமும் கூடும். நிறைய வாட்ச்களுக்கு ஒரு நாளைக்கு 650 முதல் 800 சுற்று போதும். திசையும் முக்கியம். சைக்கோவின் மேஜிக் லீவர் வகை இரண்டு பக்கம் சுற்றினாலும் சாவி ஏற்றும். பிரபலமான வால்ஜூ 7750 ஒரு பக்கம் சுற்றினால் மட்டுமே ஏற்றும். திசை மாற்ற முடியாத மலிவுப் பெட்டியில் அதை மாட்டினால் நாள் முழுக்கச் சுற்றியும் முள் நின்றுபோகலாம். பாவம், வாங்கியவர் வாட்ச்தான் பழுது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

மூன்றாவது, 'ஜப்பான் மோட்டார்' என்ற ஸ்டிக்கர். பெட்டியைப் பிரித்து யார் பார்க்கப் போகிறார்கள்? மோட்டாருக்குள் காந்தம் உண்டு. தடுப்பு எதுவும் இல்லாமல் அதை வாட்ச்சுக்குப் பக்கத்திலேயே வைத்தால், முடி போன்ற ஹேர்ஸ்ப்ரிங்கில் காந்தம் ஏறும் அபாயம் இருக்கிறது. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வாட்ச் தினமும் பல நிமிஷம் வேகமாக ஓடும். காந்தம் இறக்கும் கருவியில் வைத்தால் சில நொடியில் சரியாகிவிடும் என்பது ஆறுதல். ஆனால் அந்தத் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

அப்படியானால் வைண்டரே வேண்டாமா என்றால், சிலருக்கு வேண்டும். மாதத்துக்கு 30 நாளா 31 நாளா, லீப் வருஷமா என்று தானே கணக்குப் போடும் பெர்பெச்சுவல் காலண்டர் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு அது உதவும். பாடெக் பிலிப் 1962-இல் இந்த வசதியோடு ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அது நின்றுபோனால் தேதி, மாதம், நிலவின் பிறை என்று ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும், பொறுமை போய்விடும். விரல் நடுக்கத்தால் சாவித் திருகைப் பிடிக்க முடியாத பெரியவர்களுக்கும் வைண்டர் நிஜமான உதவி. மற்றவர்களுக்கு முள்ளையும் தேதியையும் திருத்த ஒரு நிமிஷம் போதும். ராத்திரி 9 மணியிலிருந்து விடியற்காலை 3 மணி வரை முள் இருக்கும்போது தேதியை அவசரமாக மாற்றக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷமும் வேண்டாம் என்றால், சுமார் 70 மணி நேரம் தாங்கும் ரோலக்ஸ் 3235, 80 மணி நேரம் தாங்கும் பவர்மேட்டிக் 80 போன்ற இயந்திரங்கள் சனி, ஞாயிறைத் தாண்டித் திங்கட்கிழமையும் ஓடிக்கொண்டிருக்கும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் பளபளப்பு மரத்தையும் நீல விளக்கையும் பார்த்து மயங்காமல் நாலு விஷயம் கேட்கட்டும். ஒரு நாளைக்கு இத்தனை சுற்று என்று குறைத்து வைக்க முடியுமா? வலம், இடம், இரண்டும் என்று திசையை மாற்றலாமா? சுற்றிவிட்டு இடையில் ஓய்வு எடுக்கிறதா? மோட்டார் வாட்ச்சிலிருந்து தள்ளி, தடுப்போடு இருக்கிறதா? இதற்கு நேராகப் பதில் சொல்லாத கடையில் வாங்கவே கூடாது. வாங்கிய பிறகும் ஒரு சோதனை உண்டு. வாட்ச்சுக்குக் கையால் சாவி கொடுத்து, நேரம் வைத்து, குறைந்த சுற்றில் மாட்டி மூன்று நாள் விட வேண்டும். நிற்காமல் ஓடினால் அந்த அளவே போதும். நின்றால் ஒரு படி ஏற்றலாம். நிற்காமல் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுதான் சரியான அளவு.

இந்த வியாபாரத்தில் நிஜமாகவே அடிபடப் போவது பீரோவில் கிடக்கும் அப்பாவின் வாட்ச். சிட்டிசன் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்எம்டி. காஞ்சன், ரஜத் என்று அதன் ஆட்டோமேட்டிக் வாட்ச்கள் எத்தனையோ கைகளில் இருந்தன. எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. வாட்ச்கள் மட்டும் வீடுகளில் மிச்சம். இருபது வருஷம் நின்ற அப்படி ஒன்றை எடுத்து, விளம்பரத்தை நம்பி நேராக வைண்டரில் மாட்டினால் என்ன ஆகும்? எண்ணெய் காய்ந்த இயந்திரம் இரவும் பகலும் வறட்டு ஓட்டம் ஓடும். சக்கரத்தின் அச்சுமுனைகள் தேயும். அப்பா கட்டிக் காப்பாற்றியதைப் பிள்ளை ஆசையாலேயே கெடுத்துவிடுவான்.

அந்த வாட்ச்சுக்கு வேண்டியது தொட்டில் இல்லை, வைத்தியர். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறாரே ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர், அவரிடம் கொடுத்துப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடச் சொன்னால் போதும். வைண்டருக்கு எடுத்து வைத்த காசு அவர் கைக்குப் போனால் வாட்ச்சும் பிழைக்கும், அந்தத் தொழிலும் கொஞ்ச காலம் பிழைக்கும்.

பிறகு அதைக் கையில் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினால் ஆயிற்று. பிளக் பாயிண்ட் தேவையில்லாத, இரண்டு பக்கமும் ஆடுகிற, ராத்திரியில் ஓய்வும் எடுக்கிற வைண்டர் எல்லாருடைய தோளிலும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது :-)