கிணற்று நீர் கரிக்கிறது... மானியம் கிடைக்குமா?

''எங்கள் கிணற்றுத் தண்ணீர் சில ஆண்டுகளாகக் கரிக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு என்கிறார்கள் சிலர்; நாங்கள் போடும் யூரியா என்கிறார்கள் சிலர். சரிசெய்ய மானியம் உண்டா? போன முறை கேட்டபோது, ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்றார்கள்.''
- வாசகர், அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.

காரணம் தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரியும். அதனால், முதலில் நீர்ப் பரிசோதனை செய்யுங்கள். மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் அலசிய பிளாஸ்டிக் கேனில் ஒரு லிட்டர் பிடியுங்கள். பூச்சிமருந்து வைத்திருந்த கேன் கூடாது. மொத்த உப்பு, சோடியம், குளோரைடு, நைட்ரேட் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால், உரம், எருக்குழி, கழிவறைக் குழி இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது.

இதற்குக் கைகொடுப்பது சொட்டுநீர்ப் பாசனம். உரத்தைப் பிரித்துப் பிரித்து வேருக்கே கொடுப்பதால், நிலத்தடிக்கு இறங்குவது குறையும். தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கர் வரையுள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதமும் மற்றவர்களுக்கு 75 சதவிகிதமும் மானியம் உண்டு. ஒதுக்கீடு அளவானது, முந்திக்கொள்பவருக்கே வாய்ப்பு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு விவசாயி சான்று, மண்-நீர் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை இப்போதே தயாராக வைத்து, நிதியாண்டு தொடங்கியதும் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

சோடியமும் குளோரைடும் மிகுந்திருந்தால், தோல் பதனிடும் உப்பாக இருக்கலாம். பாறையின் இயல்பான உப்பாகவும் இருக்கலாம். அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் சோதித்து ஒப்பிடுங்கள். பயிர்த் தேர்வு, ஜிப்சம் அளவு குறித்து விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள்.

தொழிற்சாலைக் கழிவுக்கு மானியம் தீர்வாகாது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. 2001-ல் 29,193 பேருக்கு இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. விடுபட்டவர்களுக்கு அரசு பணத்தைக் கொடுத்துவிட்டு, ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் குடும்பத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். புதிய பாதிப்பு என்றால், ஊராகச் சேர்ந்து விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் மனு கொடுங்கள். இரண்டிலும் பரிசோதனை அறிக்கையின் நகலை இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.