எழுத்து அழகு யாருக்காக?

போன மாதம் என் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். மனைவி தவறிப் பத்து நாள் ஆகியிருந்தது. கருமாதிப் பத்திரிகை அன்று காலையில்தான் வந்திருந்தது. சென்னையில் இருக்கும் மகன் கைப்பேசியிலேயே மாதிரி பார்த்து, சரி சொல்லி, அச்சடிக்கக் கொடுத்திருக்கிறான். கனமான காகிதம், ஓரத்தில் வெள்ளிக் கோடு, நடுவில் அந்த அம்மாளின் படம். செலவுக்குக் குறை வைக்கவில்லை.

நண்பன் பத்திரிகையைத் தள்ளிப் பிடித்தான், கிட்டே பிடித்தான், ஜன்னல் பக்கம் திருப்பினான். பிறகு என்னிடம் நீட்டி, "இதுல அவ பேரு எங்கடா போட்டிருக்கு?" என்று கேட்டான்.

படத்துக்கு நேர் கீழேதான் போட்டிருந்தது. கொடி சுற்றியதுபோல வளைந்து வளைந்து, மயிரிழையாய் மெலிந்த எழுத்து. சாம்பல் நிறம் வேறு. அந்த அம்மாள் பெயரில் ஒரு துணைக்காலும் அதை அடுத்து ஒரு ரகரமும் வரும். அந்த எழுத்துருவில் இரண்டும் ஒரே அச்சு. புள்ளிகள் இருந்த இடமே தெரியவில்லை. நானே இரண்டு தரம் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அவன் கண்ணிலும் குறை இல்லை. புரை நீக்கிக்கொண்டு, தினமும் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறவன். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவளின் பெயரை அவனால் படிக்க முடியவில்லை.

சட்டைப் பையில் இருந்த பேனாவால், அந்தப் பெயருக்கு மேலே நிறுத்தி எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு பிரதியை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் இன்று எழுதுகிறேன்.

நான் டிசைனர் இல்லை. தபால் ஆபீசில் 34 வருடம் பிறர் கையெழுத்தைப் படித்துச் சம்பளம் வாங்கியவன். அதற்கும் முன்னால், பள்ளி விடுமுறைகளில் மாமாவின் அச்சகத்தில் புரூப் பார்த்தவன். ஒரு ட்ரெடில் மிஷின், அறை அறையாகத் தடுத்த எழுத்துப் பெட்டிகள், இரண்டு கம்பாசிட்டர்கள், அவ்வளவுதான் அச்சகம். ‘கொ’ என்று கோர்க்க வேண்டுமானால் கொம்பு, ககரம், கால் என்று மூன்று ஈய எழுத்துகளைத் தனித்தனியே பொறுக்க வேண்டும். இன்று பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் நூறு எழுத்துரு வைத்திருக்கிறார்கள். மாமாவிடம் இருந்தது நான்கே வகை.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்குப் புரூப் எடுத்ததும், கொடுத்தவரிடம் காட்டி கையெழுத்து வாங்கிவிட மாட்டார். "வீட்ல பெரியவங்க யாரு? அவங்கள ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். அவர்கள் தடுமாறிய இடத்தில் எழுத்தை மாற்றுவார். எழுத்துருத் தேர்வு பற்றி எனக்குத் தெரிந்த பாடம் இது ஒன்றுதான். இன்றைக்கும் இது போதும் என்பதே என் கட்சி.

தமிழ் எழுத்தை அச்சில் வார்ப்பது நேற்று தொடங்கிய வேலை இல்லை. ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்தன. அவை மிகவும் பெரியவை. காகிதம் ஏராளமாகச் செலவானது. அதனால் பக்கத்திலேயே பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அன்று காகிதம் கிடைப்பது அரிது, எழுத்தைச் சிறிதாக்கினார்கள், நியாயம் இருக்கிறது. இன்று இரண்டு பக்கமும் வெற்றிடமாக விட்டு, நடுவில் எறும்பு ஊர்ந்த மாதிரி பெயரைப் போடுகிறார்களே, அதற்கு என்ன நியாயம்?

பிரச்சினையின் வேர் எங்கே என்று யோசித்தேன். பிள்ளைகள் முதலில் ஓர் ஆங்கில வடிவமைப்பைப் பார்க்கிறார்கள். அது அழகாக இருக்கிறது. அதே மெலிவும் அதே சுழிப்பும் தமிழில் வேண்டும் என்று தேடுகிறார்கள். ஆனால் தமிழ் எழுத்தின் உடற்கட்டு வேறு. நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. ‘கி, கீ’ என்று மேலே சுழிக்கும். ‘மு, ழூ’ என்று கீழே இறங்கும். அதனால் வரிக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். ‘ண, ஞ, இ’ போன்றவற்றில் உள்சுழி இருக்கிறது. எழுத்தைத் தடிமனாக்கினால் சுழி அடைத்துப்போகும். ரொம்ப மெலிதாக்கினால் கோடே காணாமல் போகும். புள்ளியோ, நம் மொழியில் அலங்காரம் இல்லை. ‘கல’ என்பதற்கும் ‘கல்’ என்பதற்கும் இடையே இருப்பது அது ஒன்றுதான். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இல்லாமலே எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்வார். அச்சு வந்த பிறகு புள்ளி நிலைத்தது. அதைக் கண்ணுக்குத் தெரியாத தூசியாக்கிவிட்டால் நாம் மறுபடியும் ஓலைக்கே போய்விட்டோம் என்று அர்த்தம்.

"அப்படின்னா நாங்க எதைப் பார்த்துக் கத்துக்கிறது தாத்தா?" என்று என் பேத்தி கேட்டாள். அவள் இந்தப் படிப்புதான் படிக்கிறாள். நான் சொன்னேன்: ரயிலில் வரும்போது ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் பார். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. நிற்காமல் போகிற வண்டியிலிருந்தும் ஊர்ப் பெயரைப் படித்துவிடலாம். பழைய டவுன் பஸ்களில் பெயிண்டர் கையால் எழுதிய தடப்பலகையைத் தேடிப் பார். கடைவீதியில் மிச்சமிருக்கும் சுவரெழுத்தைப் பார். அகலத் தூரிகையால் எழுதியதில் எந்தக் கோடு தடிக்கிறது, எது மெலிகிறது என்று கவனி. தஞ்சைப் பெரிய கோவிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைப் பார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்து, நமக்கு எளிதில் படிக்க வராது. ஆனால் வரிசையும் இடைவெளியும் எவ்வளவு ஒழுங்கு! 1862இல் சென்னையில் அச்சான வின்ஸ்லோ அகராதியின் பக்கம் ஒன்றை எடுத்துப் பார். பத்தி பத்தியாக நெருக்கி அடித்த பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். இவற்றையெல்லாம் பார்த்த கண்ணோடு எழுத்துரு தேடினால், கை தானாக நல்லதில் போய் நிற்கும்.

நல்லவை இல்லாமலும் இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், அனெக் தமிழ் என்று பலவற்றை இலவசமாகவே தருகிறார்கள். இளைய தலைமுறை உட்கார்ந்து உழைத்திருக்கிறது. ஆகவே ‘இப்போது வருவது எல்லாம் குப்பை’ என்று புலம்பும் ஆள் நானில்லை.

பேத்தி விடவில்லை. "எல்லாரும் பாடப்புத்தக எழுத்தையே போட்டா எப்படி தாத்தா? கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வித்தியாசம் வேண்டாமா?" கேள்வி சரியானது. சினிமாத் தலைப்பை எப்படி வேண்டுமானாலும் வளைக்கட்டும். பத்து நாளில் ஊரே அதைப் படமாகவே மனப்பாடம் செய்துவிடும். இனிப்புப் பெட்டி மேலே எழுத்து ஆடட்டும். பத்திரிகையின் தலைப்பில் கூட ஒரு வரி சுழிக்கட்டும். ஆனால் பெயர், நாள், நேரம், இடம் ஆகிய நான்கும் அலங்காரத்துக்கு உரியவை அல்ல. அவற்றை ஊகிக்கும்படி விடக் கூடாது. மூன்றை எட்டாகப் படித்துவிட்டு, முகூர்த்தம் முடிந்த மண்டபத்தில் போய் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அதனால் அவளுக்கு நான் சொன்ன சோதனை இதுதான். தேர்ந்த எழுத்துருவில் ‘வாரம்’, ‘கண்ணன்’, ‘ஞாயிறு’ என்று மூன்று சொற்களை அடித்துக்கொள். ரகரத்தின் அடியில் சாய்ந்த வால் இருக்கிறதா, துணைக்காலிலிருந்து பிரித்து அறிய முடிகிறதா? ணகரமும் னகரமும் அடுத்தடுத்து வந்தால் குழம்பாமல் இருக்கிறதா? சுழி அடைக்காமல், புள்ளி தெரிகிறதா? திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஏமாறாதே. அச்சாகப்போகும் அதே அளவில் ஒரு தாளில் எடு. ஒரே 12 பாயிண்ட் ஒரு எழுத்துருவில் பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் தெரியும். கடைசியாக, வீட்டுப் பெரியவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல். தடுமாறினால், அவர் கண்ணாடியைக் குறை சொல்லாமல் எழுத்தை மாற்று.

என் விஷயத்தையும் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். எனக்கு அடிக்கப்போகும் பத்திரிகையில் நிமிர்ந்த எழுத்து, கறுப்பு மை, பெயர் 24 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. பேத்தி சிரித்துக்கொண்டே ஒரு மாதிரி அடித்தும் காட்டினாள். "வாயைக் கழுவுங்க" என்று என் மனைவி எரிந்து விழுந்தாள். ஆனால் அந்தத் தாளை வாங்கி என் பெயரைக் கண்ணாடி போடாமலே படித்துவிட்டுத்தான் கீழே வைத்தாள்.