விடை மட்டும் போதாது, வழிமுறை வேண்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆறாவது ஊதியக் குழுவின்படி 2009-ல் என் சம்பளத்தை நிர்ணயித்தபோது ஒரு இன்கிரிமென்ட் கூடுதலாகப் போட்டுவிட்டார்களாம். 2018-ல் ஓய்வு பெறும்வரை அதை வாங்கிக்கொண்டே இருந்தேனாம். ஆகவே ரூ.1,37,420 திருப்பிச் செலுத்த வேண்டும், தவறினால் பென்ஷனில் பிடிக்கப்படும், பென்ஷனும் குறைக்கப்படும். மொத்தமே ஐந்து வரி. எந்த மாதம் எவ்வளவு வாங்கினேன், எவ்வளவு வாங்கியிருக்க வேண்டும் என்று ஒரு தாள்கூட இணைக்கவில்லை. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கே என்னிடம் படித்த பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள்.

“கட்டிட்டு நிம்மதியா இருங்க அத்தை, இந்த வயசுல எதுக்கு அலைச்சல்” என்றார் மாப்பிள்ளை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நம் புதுச்சேரியில் பென்ஷன் என்றாலே ஒரு பயபக்தி உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா தாத்தாக்கள் பென்ஷன் பேப்பரைப் பீரோவில் சாமி படத்தோடு வைத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பென்ஷன் என்று சொல்லி யார் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

நான் கட்டவில்லை. முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். வெறும் விடையை எழுதிக்கொண்டு வந்தால் “வழி எங்கடா?” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கடிதத்தில் விடை மட்டும்தான் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ் என்ற வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஓய்வு பெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும் இப்படிப் பிடித்தம் செய்யக் கூடாது. உத்தரவுக்கு முன்னால் ஐந்து ஆண்டுக்கு மேல் கொடுத்துவந்த தொகையையும் பிடிக்கக் கூடாது. இதையே மத்திய அரசு 2016 மார்ச் 2 அன்று சுற்றறிக்கையாகவும் அனுப்பியது. கேரளத்தில் 1999-ல் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர், தாமஸ் டேனியல், தன்னிடம் கேட்ட பணத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். 2022 மே மாதம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அவர் பொய் சொல்லியோ ஏமாற்றியோ அதை வாங்கவில்லை, ஆகவே பிடிக்கக் கூடாது என்றார்கள். இருபது வருஷத்துக்கு மேல்! அந்த மனிதரின் பொறுமையை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

பென்ஷனைக் குறைப்பதற்கும் வரம்பு உண்டு. மத்திய ஓய்வூதிய விதிகளைப் பாருங்கள். எழுத்தர் பிழை இரண்டு ஆண்டுக்குப் பிறகு தெரியவந்தால், மேலிடத்து ஒப்புதல் இல்லாமல் அலுவலகத் தலைவர் தாமாகக் குறைத்துவிட முடியாது.

எல்லாம் எனக்குச் சாதகம் என்று சொல்லிவிட்டால் அது நேர்மையாகாது. ஊதியக் குழுவின் விருப்பப் படிவத்தோடு ஓர் உறுதிமொழியும் இருந்தது. கூடுதலாகக் கொடுத்தது பின்னால் தெரியவந்தால் திருப்பித் தருகிறேன் என்று அதில் எழுதியிருக்கும். ஸ்டாஃப் ரூமில் ஒருவர் முதுகில் ஒருவர் தாளை வைத்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டோம். கேள்வித்தாளை முழுக்கப் படித்துவிட்டு எழுது என்று உங்களுக்குச் சொன்ன அதே டீச்சர்தான். அப்படி உறுதிமொழி கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்று ஜக்தேவ் சிங் வழக்கில் 2016 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதிலும் இரண்டு வருஷத் தவணையில் வாங்கச் சொன்னார்கள்.

தணிக்கைத் துறையில் இருக்கும் என் தம்பி மகன் “அது மக்கள் பணம்தானே அத்தை?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. நீதிமன்றமும் இதை ஊழியரின் உரிமை என்று சொல்லவில்லை. மனிதாபிமானம் கருதிய சலுகை என்றுதான் சொல்கிறது. ஆனால் சம்பளத்தைக் கணக்கிட்டவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர், ஒப்புதல் கொடுத்தவர் வேறொருவர். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கடிதம் மட்டும் எனக்கு. வந்த பணத்தை நான் பெட்டியில் பூட்டி வைத்திருக்கவில்லை. மகளின் காலேஜ் ஃபீஸ், மாமியாரின் கண் ஆபரேஷன் என்று அந்தந்த மாதமே தீர்ந்துபோனது.

பழைய பாக்கிகள் எப்படிப்பட்டவை என்பது அரசாங்கத்துக்கும் தெரியும். 2024 இடைக்கால பட்ஜெட்டில் 2009-10 வரையிலான ரூ.25,000-க்கு உட்பட்ட வருமான வரிப் பாக்கிகளையும், 2010-11 முதல் 2014-15 வரையிலான ரூ.10,000-க்கு உட்பட்டவற்றையும் கைவிடுவதாக அறிவித்தார்கள். அவற்றில் பல சரிபார்க்கப்படாதவை, நேர்மையாக வரி கட்டுகிறவர்களுக்குத் தொல்லை தருபவை என்று நிதியமைச்சரே சொன்னார். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தி, பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னது வரித்துறை. அது தவறு என்று வெளிவந்து 2021 ஜனவரியில் அமைச்சரவையே ராஜினாமா செய்தது.

என்னோடு வேலை பார்த்த ஓர் அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. அவருக்கும் இதே மாதிரி ஐந்து வரிக் கடிதம் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, வளையலை அடகு வைத்துக் கட்டிவிட்டார். “கவர்மென்ட் பொய் சொல்லுமா டீச்சர்?” என்று என்னிடமே கேட்கிறார். இந்தப் பதிவை எழுத வைத்ததே அவர்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் உடனே கட்டச் சொல்லாதீர்கள். மாதவாரிக் கணக்கும் சர்வீஸ் புக் நகலும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கும் மனுவுக்குத் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஐந்து வரியோடு கணக்குத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். கூட ஒரு தாள், அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் கேட்டேன். போன வாரம் என் சர்வீஸ் புக் நகல் வந்தது. 2008 இருக்கிறது, 2010 இருக்கிறது, 2009 பக்கம் மட்டும் இல்லை. அதைக் கேட்டு மறுபடியும் மனு எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் வரட்டும். கூடுதலாக வாங்கியிருக்கிறேன் என்று வழிமுறையோடு காட்டினால், தவணை போட்டுக் கட்டுகிறேன். திங்கட்கிழமை காலையில் நேரில் போய்க் கொடுக்கப்போகிறேன். மாப்பிள்ளை வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.