'இல்லை' என்று சொல்வதற்கு முன்



செஞ்சி என்றதும் உங்கள் மனக்கண்ணில் எவை தோன்றும்? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளும், கல்யாண மகாலும், பெரிய தானியக் களஞ்சியங்களும் தோன்றும். 2025ஆம் ஆண்டு ஜூலையில் மராட்டியருடன் தொடர்புடைய 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. ஆனால் நாம் இங்கே காணப்போவது கோட்டையை அன்று. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் கிராமக் கணக்கை. கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்கும் உங்களுக்கு அதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்திலும் நிலத்துக்கு இரண்டு முக்கியக் கணக்குகள் உண்டு. ஒன்று 'அ' பதிவேடு. இது புல எண் வரிசையில் அமைந்தது. புல எண்ணைச் சொன்னால் அந்த நிலம் நஞ்சையா, புஞ்சையா, பரப்பு எவ்வளவு, யார் பெயரில் உள்ளது என்பதெல்லாம் தெரிந்துவிடும். மற்றொன்று சிட்டா. இது பட்டாதாரர் வாரியாக அமைந்தது. ஒருவருக்கு எந்தெந்தப் புல எண்களில் நிலம் உண்டு என்பதை அது சொல்லும். ஒரே செய்தியை எதற்காக இரண்டு ஏடுகளில் எழுதினார்கள்? விடையைக் கணிப்பொறியிடமே கேட்போம்.

'ஹேஷ் மேப்' என்ற அமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எதைக் கொண்டு தேடுகிறோமோ அது சாவி. சாவிக்குக் கிடைப்பது மதிப்பு. புல எண்ணைச் சாவியாகவும், உரிமையாளர் பெயரை மதிப்பாகவும் வைத்துக்கொள்வோம். நம்மிடம் 0 முதல் 9 வரை எண்ணிட்ட பத்துப் பெட்டிகள் உள்ளன. புல எண் 247 வந்தால் அதைப் பத்தால் வகுத்து, மீதி 7 என்பதால் ஏழாம் பெட்டியில் போடுகிறோம். பிறகு யாராவது 247ஐக் கேட்டால் மற்ற ஒன்பது பெட்டிகளைத் திறக்கவே வேண்டாம். 137ம் அதே ஏழாம் பெட்டிக்குத்தான் வரும். அப்போது அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும் தேடினால் போதும். பெட்டிகளைத் தேவையான அளவு கூட்டிவிட்டால், இரண்டாயிரம் பதிவுகள் இருந்தாலும் ஓரிரு முறை பார்ப்பதிலேயே வேலை முடிந்துவிடும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1953ஆம் ஆண்டு எழுதிய ஒரு குறிப்பில் இக்கருத்து காணப்படுகிறது.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "இந்தப் பெயரில் நிலம் ஏதேனும் உண்டா?" பெட்டியைத் தேர்ந்தெடுத்தது புல எண்தானே தவிர, பெயர் அன்று. ஆகவே பெயர் எந்தப் பெட்டியிலும் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்தே தீர வேண்டும். பெயர் இருந்தால் நடுவிலேயே அகப்பட்டுவிடலாம். இல்லாவிட்டாலோ இரண்டாயிரம் பதிவுகளையும் பார்த்த பிறகே "இல்லை" என்று சொல்ல நமக்கு உரிமை வருகிறது. 'உண்டு' என்பதற்கு ஒரு சான்று போதும். 'இல்லை' என்பதற்கு எல்லாம் சான்றாக வேண்டும்!

ஜாவா மொழியில் சாவி உண்டா என்று பார்க்க ஒரு கட்டளையும், மதிப்பு உண்டா என்று பார்க்க வேறொரு கட்டளையும் உள்ளன. எழுதும்போது இரண்டும் ஒரே அளவுதான். உழைப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பைத்தான் மொழியில் இன்னும் கவனம் தேவை. அதன் அகராதி அமைப்பிடம் ஒன்று "உள்ளதா?" என்று நேரே கேட்டால் அது சாவிகளை மட்டுமே பார்க்கும். மதிப்பு உள்ளே இருந்தும் "இல்லை" என்று விடை வரும்! மதிப்புகளைத் தனியே எடுத்துத்தான் கேட்க வேண்டும்.

"இன்றைய கணிப்பொறி மின்னல் வேகத்தில் ஓடுகிறதே, இரண்டாயிரம் ஒரு பொருட்டா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு முறை கேட்பதானால் பொருட்டே அன்று. முழுதும் தேடிவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டாயிரம் பேரைப் பற்றிக் கேட்டால் 40 இலட்சம் ஒப்பீடுகள் வரை ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் கிராமக் கணக்கர் காட்டிய வழியே சிறந்தது என்பது என் கருத்து. பெயரைச் சாவியாகக் கொண்ட இரண்டாம் மேப் ஒன்றை அமையுங்கள். ஒருவருக்குப் பல புலங்கள் இருக்கலாம். ஆகையால் அதில் மதிப்பு ஓர் எண்ணாக இராமல், எண்களின் பட்டியலாக இருக்க வேண்டும். அதுவே உங்கள் சிட்டா.

இந்த வசதி இலவசமாகக் கிடைப்பதில்லை. நிலம் கைமாறினால் இரண்டு ஏடுகளையும் திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்தால், ஓர் ஏடு "உண்டு" என்னும், மற்றது "இல்லை" என்னும். இடையில் அலைபவர் உழவர். எனவே திருத்தும் வேலையை ஒரே செயல்கூறில் வையுங்கள். இரண்டும் சேர்ந்தே மாறட்டும்.

இன்னுமொரு பொறி இருக்கிறது. இந்த ஊரையே தமிழில் செஞ்சி என்கிறோம். ஆங்கிலேயர் எழுதிய வழக்கைப் பின்பற்றி ஜிஞ்சி என்பாரும் உண்டு. நமக்கு இரண்டும் ஒன்று. கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். ஒன்றை எழுதி வைத்து மற்றதைக் கேட்டால் "இல்லை" என்றே சொல்லும். மனிதர் பெயர்களில், தலைப்பெழுத்தும் சேர்ந்துகொள்ளும்போது, இத்தொல்லை பன்மடங்கு. ஆகவே பெயர்களை ஒரே முறையில் எழுதிச் சேமியுங்கள். தேடும்போதும் அதே முறையைக் கையாளுங்கள்.

பரம்பரைக் கர்ணம் பதவி 1980ஆம் ஆண்டு ஒழிந்தது. இன்று கிராம நிர்வாக அலுவலர்கள் இருக்கிறார்கள். பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் இணையத்திலேயே பார்க்கலாம். நாளை அத்தகைய நிரல்களை எழுதப்போகிறவர்கள் நீங்கள். பட்டாவோ, குடும்ப அட்டையோ, வாக்காளர் பட்டியலோ, திரையில் "இல்லை" என்ற சொல் தோன்றினால் எதிரே நிற்பவர் வெறுங்கையோடு திரும்பிப் போகிறார். அந்தச் சொல்லை அச்சிடும் வரியை எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சாவியில் தேடினேனா, மதிப்பில் தேடினேனா? இரு ஏடுகளும் ஒத்திருக்கின்றனவா? பெயர் ஒரே விதமாக எழுதப்பட்டுள்ளதா?

உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை வைத்து இன்றே முயன்று பாருங்கள். வரிசை எண் சாவி, பிறந்த மாதம் மதிப்பு. "பிப்ரவரியில் பிறந்தவர் எவரேனும் உண்டா?" என்ற கேள்விக்கு உங்கள் நிரல் எத்தனை பதிவுகளைப் பார்க்கிறது என்று எண்ணுங்கள். பிறகு இரண்டாம் ஏட்டை அமைத்து மறுபடி எண்ணுங்கள். வேறுபாடு தானே விளங்கும்.